பல வருடம் கழித்து மறுபடி பறக்க, சொந்த விமானம் வாங்க: அமெரிக்க விதிகள் சொல்வது என்ன?

அலமாரியின் அடியில், பறந்த கணக்கை எழுதிவைத்த பழைய லாக்புக் கிடக்கிறது. கடைசிப் பதிவு 2008. அதன் பிறகு வேலை, குழந்தைகள், வீட்டுக் கடன் என்று காலம் ஓடிவிட்டது. இப்போது கையில் கொஞ்சம் பணமும் நேரமும் இருக்கிறது. மறுபடி பறக்கலாமா, சின்னதாக ஒரு விமானமே வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் முதல் பயம், "என் லைசென்ஸ் காலாவதி ஆகியிருக்குமே?" என்பதுதான்.

ஆகவில்லை. அமெரிக்க விமானத் துறையை நிர்வகிக்கும் எஃப்.ஏ.ஏ. தரும் பிரைவேட் பைலட் சான்றிதழுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. 1985-இல் வாங்கியிருந்தாலும் இன்றும் நீங்கள் பைலட்தான். பறந்த மணிக்கணக்கும் அழியாது. கெடு முடிந்துபோவது அதைச் சுற்றியிருக்கும் மற்றவை: உடல்தகுதி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் மறுஆய்வு, பயணிகளை ஏற்றத் தேவையான அண்மை அனுபவம். ஒவ்வொன்றுக்கும் கணக்கு தனி.

அதற்கு முன் இரண்டு சில்லறை வேலைகள். சான்றிதழ் காகிதத்தில் இருந்தால் அதை வைத்துப் பறக்க முடியாது. 2010 மார்ச் 31-க்குப் பிறகு பிளாஸ்டிக் அட்டைதான் செல்லும். மாற்று அட்டைக்கு 2 டாலர் கட்ட வேண்டும். இன்னொன்று முகவரி. வீடு மாறி 30 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும் வரை பைலட்டாகச் செயல்பட உரிமை இல்லை. இடைவெளியில் நாலு வீடு மாறியவர்கள் இதை மறந்தேபோயிருப்பார்கள்.

அடுத்து மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சான்று. அவசரப்பட்டால் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வழிகள் மூன்று. முதலாவது, வழக்கமான மூன்றாம் வகுப்பு மெடிக்கல். எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் எடுக்க வேண்டும். 40 வயதுக்குக் கீழே என்றால் 60 மாதம், 40 தாண்டியிருந்தால் 24 மாதம் செல்லும். இரண்டாவது, 2017 மே 1-இல் நடைமுறைக்கு வந்த பேசிக்மெட். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே எஃப்.ஏ.ஏ. படிவத்தின்படி சோதித்துக் கையெழுத்துப் போடலாம். 48 மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனை, 24 மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைன் பாடம். சொந்தப் பயணத்துக்கு இது தாராளமாகப் போதும்: 12,500 பவுண்டு வரை எடையுள்ள விமானம், உங்களைத் தவிர 6 பேர், 18,000 அடி உயரம், 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகம். கூலிக்கு ஓட்டக் கூடாது. ஒரு முன்நிபந்தனை உண்டு: 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒரு நாளாவது செல்லுபடியான மெடிக்கல் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வகுப்பை ஒருமுறை எடுத்துவிட்டு, அடுத்த முறை பேசிக்மெட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, வெறும் டிரைவிங் லைசென்ஸ். பிரைவேட் பைலட் சான்றிதழ் இருப்பவர், ஸ்போர்ட் பைலட்டுக்கு (பிரைவேட்டுக்கு ஒரு படி கீழே உள்ள சான்றிதழ்) உள்ள எல்லைக்குள் நின்றுகொண்டால் தனி மெடிக்கல் தேவையில்லை. பகலில் மட்டும், கூட ஒரே ஒருவர். முன்பு இதற்கு மிக இலேசான விமானங்கள்தான் கிடைத்தன. 2025 அக்டோபர் 22 முதல் அந்த வரம்பு விரிந்து, நான்கு இருக்கை செஸ்னா 172 போன்றவையும் உள்ளே வந்துவிட்டன. கூட வருபவர் ஒருவர்தான் என்பது மட்டும் மாறவில்லை.

சரி, மாட்டிக்கொள்வது எப்படி? "எதற்கும் முறைப்படியே போவோம்" என்று ஒருவர் மூன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கிறார். இடையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, ஏதோ மாத்திரை சாப்பிடுவது எல்லாம் அப்போதுதான் பேச்சுக்கு வருகிறது. விண்ணப்பம் மறுக்கப்படுகிறது. மறுக்கப்பட்டால் மற்ற இரண்டு வழிகளும் சேர்ந்தே அடைபடும், ஏனென்றால் கடைசியாகப் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்படாமல் இருப்பது அவற்றுக்கும் நிபந்தனை. விண்ணப்பிக்காமலே இருந்திருந்தால் ஒருவேளை டிரைவிங் லைசென்ஸோடு பறந்திருப்பார். பரிசோதனை தொடங்கிய பிறகு பாதியில் எழுந்து வந்துவிடவும் முடியாது. உடம்பில் சந்தேகம் இருந்தால், எந்தப் படிவத்தையும் நிரப்பாமல் எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் ஆலோசனை மட்டும் கேளுங்கள். உடம்பு பறக்க இடம்கொடுக்காது என்று தெரிந்தும் பறக்கலாம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை எந்த வழியிலும் விதி அனுமதிப்பதில்லை.

மெடிக்கல் முடிந்தால் ஃபிளைட் ரிவ்யூ, முன்பு சொன்ன மறுஆய்வு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. இன்ஸ்ட்ரக்டரோடு தரையில் குறைந்தது 1 மணி நேரப் பாடம், வானில் குறைந்தது 1 மணி நேரம். திருப்தியானால் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திடுவார். இல்லையென்றால் அது பயிற்சி நேரமாகப் பதிவாகும், மறுபடி போக வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து வருடம் விட்டவருக்கு ஒரு மணி நேரம் போதவே போதாது. கை பழகிவிடும், வெளியே மாறியிருப்பதுதான் குழப்பும். ஓடுபாதையில் ஏறி நிற்கச் சொல்ல கன்ட்ரோலர் முன்பு "பொசிஷன் அண்ட் ஹோல்ட்" என்பார். 2010 செப்டம்பர் 30 முதல் அது "லைன் அப் அண்ட் வெயிட்". பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பகுதியில், விமானம் இருக்கும் இடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

ரிவ்யூ 24 நாட்காட்டி மாதம் செல்லும். அதாவது 2025 ஜூன் 3-இல் முடித்தால் 2027 ஜூன் 30 வரை. கெடு தாண்டிவிட்டால் தனியாகக்கூட ஓட்ட முடியாது.

பயணிகளை ஏற்றுவதற்கு இன்னொரு கணக்கு: கடந்த 90 நாளில் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பயணிகளோடு பறக்க வேண்டுமென்றால் அந்த மூன்றையும் இரவில் செய்து, ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். தரையைத் தொட்டுவிட்டுக் கிளம்புவது கணக்கில் வராது. வால் சக்கர விமானத்துக்குப் பகலிலும் அப்படித்தான்.

இதையெல்லாம் முடித்துவிட்டு விமானத்துக்கு முன்பணம் கொடுங்கள் என்பது என் கருத்து. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விமானம் வாங்குவதில் அரசாங்கப் பங்கு சின்னதுதான். பதிவு அலுவலகம் ஒக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. விற்பனைச் சீட்டு ஒன்று, பதிவு விண்ணப்பம் ஒன்று, கட்டணம் 5 டாலர். பதிவு 7 வருடம் செல்லும். ஆனால் யார் பெயரில் என்பதில் கண்டிப்பு உண்டு: தனிநபர் என்றால் அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர். எச்-1பி விசாவில் இருப்பவர் நேரடியாகத் தன் பெயரில் பதிய முடியாது. விமானத்தின் மீது கடன் பாக்கி இருந்தால் அதுவும் ஒக்லஹோமா சிட்டி பதிவேட்டில்தான் இருக்கும். பணம் கைமாறும் முன் வில்லங்கம் பார்ப்பது போல அதைப் பார்த்துவிட வேண்டும்.

விமானத்துக்கும் கெடுக்கள் உண்டு. 12 நாட்காட்டி மாதத்துக்கு ஒருமுறை வருடாந்தரச் சோதனை, 24 மாதத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பும் கருவி) சோதனை. குறிப்பிட்ட மாடலில் கோளாறு தெரியவந்து எஃப்.ஏ.ஏ. வெளியிடும் கட்டாயத் திருத்த ஆணைகளை நிறைவேற்றியதற்கும் விமானத்தின் லாக்புக்கில் ஆதாரம் வேண்டும். வாங்கிய நாளிலிருந்து இதற்கெல்லாம் பொறுப்பு உரிமையாளருக்கு, மெக்கானிக்குக்கு அல்ல.

விதி கேட்காத ஒன்று, வாங்கும் முன் நீங்களே உங்கள் மெக்கானிக்கை வைத்துச் செய்யும் சோதனை. அதைத்தான் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். "வருடாந்தரச் சோதனை போன மாதம்தான் முடிந்தது, எஞ்சின் ரொம்பக் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். செஸ்னா, பைப்பர் பலவற்றில் இருக்கும் லைகோமிங் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் தண்டு மேல்பக்கம் இருக்கிறது. ஓடாமல் நிற்கும்போது எண்ணெய் வடிந்து இறங்க, அது துருப்பிடிக்கிறது. ஐந்து வருடத்தில் முப்பது மணி நேரம் ஓடிய எஞ்சினைவிட வாராவாரம் பறந்த எஞ்சின் மேல்.

பதிவு அட்டை தபாலில் வரும் வரை, விண்ணப்பத்தின் நகலை விமானத்துக்குள் வைத்துக்கொண்டு 90 நாள் பறக்கலாம். ஆனால் அமெரிக்காவுக்குள் மட்டும்தான். கனடாவுக்கோ பஹாமாஸுக்கோ போக அசல் அட்டை வந்தாக வேண்டும்.