கிளிமஞ்சாரோவுக்கு ஐந்து நாள் போதும் என்று யார் சொன்னது?

சென்ற மாதம் ஒரு காலை, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைக் கிளிமஞ்சாரோ மலையிலிருந்து எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். வயது 34. பெயரைக் கேட்டேன், சொன்னார். இன்று என்ன கிழமை என்றேன், சிரித்தார். திரும்பக் கேட்டேன், மறுபடியும் சிரித்தார். இரண்டு கையுறைகளும் அவருடைய வலது கையிலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

கூட வந்த நண்பருக்கு ஒன்றும் புரியவில்லை. "டாக்டர், இவன் வருடத்துக்கு இரண்டு மாரத்தான் ஓடுகிறவன். வெள்ளியங்கிரியில் ஏழு மலையையும் உட்காராமல் ஏறிவிடுவான். இவனுக்கு எப்படி டாக்டர்?"

கிளிமஞ்சாரோவின் அடிவாரத்தில், டான்சானியாவிலுள்ள மோஷி நகரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த 'எப்படி'யைப் பல மொழிகளில் கேட்டுவிட்டேன். இந்த முறை தமிழில் கேட்டார்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

உடல் வலிமைக்கும் உயர நோய்க்கும், அதாவது உயரத்தில் காற்றழுத்தமும் ஆக்சிஜனும் குறைவதால் வரும் நோய்க்கும், தொடர்பில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, "ஆனால் நான் தினமும் ஜிம்முக்குப் போகிறேன்" என்கிறார்கள். ஜிம்மில் வளர்வது தசை. ஓட்டத்தில் தேறுவது இதயமும் கால்களும். குறைந்த காற்றழுத்தத்துக்குப் பழகுவது வேறு வேலை. மூச்சு ஆழமாக வேண்டும், அதற்கு ஏற்றபடி சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு நாட்கள் பிடிக்கும். யாருக்கு எத்தனை நாள் என்பது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கடல் மட்டத்தில் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அந்தக் கணக்கு மாறாது. வெள்ளியங்கிரி கடினமான ஏற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் உச்சி 2,000 மீட்டரைக்கூடத் தொடாது. உயர நோய் பெரும்பாலும் அதற்கு மேல்தான் கணக்கைத் தொடங்குகிறது.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஒன்பது முறை வென்ற மார்ட்டினா நவரத்திலோவா 2010 டிசம்பரில் இந்த மலையில்தான் ஏறினார். நுரையீரலில் நீர் கோர்த்துப் பாதியிலேயே இறக்கப்பட்டு, நைரோபியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரைவிடவா நீங்கள் பயிற்சி எடுத்துவிட்டீர்கள்?

உண்மையில் வலிமையான ஆட்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிக பயம். அவர்களுக்கு வேகமாக நடக்க முடியும், அதனால் நடந்துவிடுகிறார்கள். வழிகாட்டிகள் நாள் முழுக்க 'போலே போலே' என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். சுவாஹிலியில் 'மெல்ல மெல்ல' என்று பொருள். நம் ஆட்கள் அதைப் பாட்டாகப் பாடி வீடியோ எடுத்துவிட்டு, முன்னால் போகிறவரை முந்துகிறார்கள்.

அடுத்த தவறு ஐந்து நாள் பயணம். மராங்கு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு மந்தாராக் குடிலில், சுமார் 2,720 மீட்டர். ஊட்டியின் தொட்டபெட்டாவைவிட உயரம். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் நாள் கிபோ குடில், 4,720. அன்று நள்ளிரவிலேயே எழுப்பி 5,895 மீட்டர் உச்சிக்குக் கூட்டிப்போவார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பது நாங்கள் சொல்லும் விதி. ஐந்து நாள் பயணத்தில் இரவுக்கு 1,000 மீட்டர் ஏறுகிறது. இதற்கு மேல் இதில் விளக்க என்ன இருக்கிறது?

இந்த மலை ஒரு தேசியப் பூங்கா. அதன் கட்டணம் நாள் கணக்கில் வசூலிக்கப்படுவதால், ஒரு நாள் குறைந்தால் செலவும் குறையும். ஐந்து நாள் பயணம் விற்பனையாவதற்கு அதுதான் காரணம். விமானத்துக்கும் கேமராவுக்கும் லட்சங்களில் செலவழித்துவிட்டு இந்த ஓர் இரவில் மிச்சம் பிடிக்காதீர்கள். மராங்கு வழிதான் வேண்டுமென்றால் ஆறு நாளாக்கி ஹொரொம்போவில் இரண்டு இரவு தங்குங்கள். ஏழு, எட்டு நாட்கள் எடுக்கும் மச்சாமே, லெமோஷோ பாதைகள் அதைவிட நல்லவை. அவற்றில் பகலில் 4,600 மீட்டர் அளவிலுள்ள லாவா டவர் வரை ஏறி, இரவில் 4,000-க்குக் கீழே பரன்கோவில் வந்து தூங்குவீர்கள்.

நம் நோயாளியிடம் வருகிறேன். ஹொரொம்போவிலேயே அவருக்குத் தலைவலி வந்திருக்கிறது. கிபோவில் கழிப்பறைக்குப் பின்னால் வாந்தி எடுத்து, அதைக் காலால் மண் தள்ளி மூடியிருக்கிறார். நண்பருக்குத் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். வழிகாட்டி காலையும் மாலையும் கேட்கிறார்: தலைவலி உண்டா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா? ஒவ்வொரு முறையும் 'ஹகுனா மடாடா' என்று பதில். பிரச்சினை ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

இரவு இரண்டு மணிக்கு ஓய்வெடுக்க உட்கார்ந்தபோது, ஒரு கையில் கையுறை மாட்டிவிட்டு, இரண்டாவதையும் அதே கையில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையுறை எங்கே என்று தேடியிருக்கிறார். வழிகாட்டி டார்ச்சை முகத்தில் அடித்துப் பார்த்தார், எழுந்து நடக்கச் சொன்னார். குடித்தவரைப் போலத் தள்ளாடினார். மூளை வீக்கம். வழிகாட்டி அந்த நிமிடமே ஆளைத் திருப்பி, மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைக் கொடுத்து இறக்கியதால் பிழைத்தார். நடுவில் ஒற்றைச் சக்கரம் வைத்த இரும்புத் தூக்குக் கட்டிலை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, இருட்டில், உருளும் கற்களின்மேல் ஓடி வந்திருக்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகி, அவருக்கும் நான்தான் கட்டுப் போட்டேன்.

1991 முதல் வழிகாட்டி இல்லாமல் இந்த மலையில் ஏற அனுமதி இல்லை. அவரை உங்கள் பையைத் தூக்க வந்த ஆள் என்று நினைக்காதீர்கள். பையைத் தூக்குபவர் வேறு. 'ஹொரொம்போவிலேயே தலைவலி என்று சொல்லியிருந்தால் மேலே கூட்டிப்போயிருக்கவே மாட்டேன், டக்டாரி' என்றார் அந்த வழிகாட்டி, வார்டு வாசலில் நின்றுகொண்டு. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆகவே, தலைவலி வந்தால் சொல்லுங்கள். தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ இருந்தால் மேலே ஓர் அடியும் வைக்காதீர்கள். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் பெருவிரலோடு ஒட்டவைத்துப் பத்தடி நேராக நடந்து பாருங்கள். முடியவில்லை என்றால் உடனே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். ஹெலிகாப்டர் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். மேகத்திலும் இருட்டிலும் அது வராது.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது அறிகுறியை மறைக்கும் மருந்து என்பது தவறு, உடல் பழகுவதைத்தான் விரைவுபடுத்துகிறது. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். விரல் நுனி குறுகுறுக்கும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். உச்சிக்குப் போவதற்காக டெக்ஸாமெத்தசோனைத் தாங்களாகவே விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறுகிறது. தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டவே வேண்டாம்.

மூச்சுக்கு நல்லது என்று பச்சைக் கற்பூரம் முகர்வது மூக்குக்குச் சுகம், அவ்வளவுதான். தப்பித் தவறி அளவு மீறி விழுங்கினால் வலிப்பு வரலாம். வாசனைத் திரவியப் புட்டி அளவில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிட மூச்சுக்குக்கூடக் காணாது. பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கிரிக்கெட் ஸ்கோர் போல நண்பர்களோடு ஒப்பிடாதீர்கள். விரல் குளிர்ந்திருந்தால் அது எதையாவது காட்டும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பைத் தேடிப் படியுங்கள். பலவற்றில் கிளிமஞ்சாரோவின் பாதி உயரத்திலேயே பொறுப்பு முடிந்துவிடுகிறது.

ஒன்று பாக்கி. மோஷி சுமார் 900 மீட்டரில்தான் இருக்கிறது. இங்கே கொசுவும் உண்டு, மலேரியாவும் உண்டு. ஊர் திரும்பிப் பத்து நாள், ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டான்சானியா போய்வந்தேன் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அங்கேயும் போய் 'ஒன்றுமில்லை டாக்டர், லேசான காய்ச்சல்தான்' என்று ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து.