ஹெரால்டு காரும் ஒட்டிக்கொண்ட டம்ளரும்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவது கியரில் இன்ஜின் போட்ட கூச்சலில் மற்றதெல்லாம் அமுங்கிப்போயிருக்கும். இறங்கும்போதுதான் கேட்டது. வளைவுக்குள் வண்டி நுழைகிற நொடியில் வலது முன்சக்கரத்துப் பக்கம் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். அடுத்த வளைவில் இல்லை. அதற்கடுத்ததில் மறுபடியும் 'டொக்'. நாலைந்து வளைவு தாண்டியபிறகுதான் கணக்குப் பிடிபட்டது: இடது பக்கம் திரும்பும்போது மட்டும் வலது சக்கரம் சத்தம் போடுகிறது. "ஏங்க, கதவைச் சரியா சாத்தலையா?" என்றாள் மனைவி. கதவாக இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வண்டி, மாமனார் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இப்போதைய பிள்ளைகளுக்கு அம்பாசடரும் பியட்டும் தெரிகிறது, இதைத் தெரிவதில்லை. இத்தனைக்கும் மெட்ராஸில் செய்த கார். இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கேலொட்டி வடிவமைத்து 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது, 1961இல் நம்மூரில் ஸ்டாண்டர்டு என்ற பெயரோடு இறங்கியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் இரண்டு. முன்பக்கத்து மூடி மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழும், ஆகவே டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இன்னொன்று, 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவில் பெரிய பெரிய கார்கள் எதிர்வண்டிப் பாதையில் பாதியைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது இது தன் பாட்டுக்குத் தன் பக்கத்திலேயே வளைந்துபோகும்.

சரி, அந்தச் சத்தம். முன்சக்கரம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தாக வேண்டும்: பள்ளம் மேட்டுக்கு ஏறி இறங்க வேண்டும், ஸ்டியரிங் சொன்னால் திரும்பவும் வேண்டும். சக்கரத்தைத் தாங்குவது நிமிர்ந்து நிற்கும் ஓர் எஃகுத் துண்டு, வெர்டிகல் லிங்க் என்பார்கள். வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து, அதாவது சேசிஸிலிருந்து, நீளும் இரண்டு இரும்புக் கைகள்தான் ஆர்ம். லிங்க்கின் மேல்முனையை மேல் ஆர்மும் கீழ்முனையை கீழ் ஆர்மும் பிடித்திருக்கின்றன. மேல்முனையில் இருப்பதுதான் பால் ஜாயின்ட். நம் இடுப்பு எலும்பின் கிண்ணத்துக்குள் தொடை எலும்பின் உருண்டை உட்கார்ந்திருக்கிறதே, அதே ஏற்பாடு. ஒரு கிண்ணம், அதற்குள் உருண்டை, உருண்டையிலிருந்து நீளும் ஓர் ஆணி, மண் போகாமல் மேலே ஒரு ரப்பர் உறை. எந்தப் பக்கமும் சாயும், சுழலும், ஆனால் கிண்ணத்தை விட்டு மட்டும் வெளியே வராது. வராமல் இருக்கும்வரை.

உறை கிழிந்தால் கதை முடிந்தது. சேலத்துக்காரர்கள் சட்டென்று மேக்னசைட் சுரங்கத்து வெள்ளைத் தூசியைத்தான் திட்டுவோம், ஆனால் அது மெத்தென்ற தாது, எஃகை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சாதாரண ரோட்டு மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ்தான் வில்லன். கிரீஸோடு கலந்து அரைக்கும் பசையாகி உருண்டையையும் கிண்ணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும். அப்புறம் உள்ளே இடைவெளி, நம்ம பாஷையில் 'ப்ளே'.

இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். ஹெரால்டின் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்காருகிறது. அதாவது வண்டியின் எடையெல்லாம் கீழ் ஆர்ம் வழியாக, கீழ் மூட்டு வழியாகச் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. மேலே இருக்கும் பால் ஜாயின்ட் எடை சுமப்பதே இல்லை. எடை சுமக்காதது எப்படித் தேயும் என்று நினைத்துத்தான் பல வருஷமாக அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்தேன்.

ஒரு விளக்குமாற்றை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு கை உச்சியில், ஒரு கை நடுவில். வேறு யாரையாவது அடிமுனையைக் காலால் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். நடுக்கை அந்தத் தள்ளலை எதிர்த்துப் போராடும், மேல்கையோ நேர் எதிர்ப்பக்கம் இழுபடும். காரில் அடிமுனை என்பது டயர் ரோட்டைத் தொடும் இடம். கணக்குக்காக, கீழ் மூட்டு தரையிலிருந்து 20 செ.மீ., மேல் மூட்டு 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வளைவில் ரோடு டயரை 100 கிலோ விசையோடு உள்ளே தள்ளினால், கீழ் மூட்டு 180 கிலோவை எதிர்த்து நிற்க வேண்டும், மேல் மூட்டை 80 கிலோ வெளியே இழுக்கும். பிரேக் பிடித்தாலும் இதே நெம்புகோல் கணக்குத்தான், பக்கவாட்டுக்குப் பதில் முன்னும் பின்னும்.

அப்படியானால் இடது வளைவில் மட்டும் ஏன் சத்தம்? நேராகப் போகும்போது ரோடு டயரை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் விழும் இடம் கீழ் மூட்டுக்குக் கொஞ்சம் வெளிப்பக்கமாக இருப்பதால் சக்கரத்தின் மேல்பகுதி எப்போதுமே உள்பக்கம் சாயப் பார்க்கும், பால் ஜாயின்ட்டின் உருண்டையும் கிண்ணத்தின் ஒரு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கம் திரும்பினால் வலது சக்கரம் வெளிச்சக்கரம். இப்போது விசை திசை மாறுகிறது, உருண்டை இடைவெளியைத் தாண்டிப்போய் எதிர்ச்சுவரில் மோதுகிறது: 'டொக்'. வளைவு முடியும்வரை அங்கேயே இருக்கும், ஆகவே சத்தம் இல்லை. வலது வளைவிலோ அதே சக்கரம் உள்சக்கரம், விசை ஏற்கெனவே இருந்த திசையிலேயே இன்னும் கூடுகிறது, அவ்வளவுதான், மோதலே கிடையாது. 3 மி.மீ. ப்ளே இருந்தால் 25 செ.மீ. உயரத்தில் சக்கரம் ஏறக்குறைய 0.7 டிகிரி சாயும். டயரின் ஓரம் மட்டும் தேய்வது இதனால்தான்.

கோரிமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர், ஹெரால்டு ரோட்டில் ஓடிய காலத்திலேயே கை வைத்தவர். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து ஆட்டினார். ஆடியது. உடனே பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். இது ஏன் என்றால், பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் தேய்ந்தது வீல் பேரிங். இங்கே நிற்கவில்லை. "தம்பி, மேலதான் போயிருக்குது, கீழ தப்பிச்சுது" என்றார்.

கீழ் மூட்டு பால் ஜாயின்ட் கிடையாது. வெண்கலக் கட்டைக்குள் மரை வெட்டி, வெர்டிகல் லிங்க்கின் கீழ்முனையை நட்டு போல்ட்டு மாதிரி திருகி வைத்திருக்கிறார்கள், டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் மரை அரைகுறையாகச் சுழலும். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, மாற்றிப் போட முடியாது. இதற்கு 90 கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் துப்பாக்கி கையில் இருக்கிறது என்று கிரீஸ் அடிப்பவர்கள்தான் அதிகம், ஆனால் கெட்டியான கிரீஸ் மரையின் இடுக்கெல்லாம் போய்ச் சேராது, தண்ணீர் சேர்ந்து எஃகு துருப்பிடித்து ஒருநாள் மரையோரம் முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

கழற்றும் வேலை. ஜாக்கியை நம்பாமல் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்தாயிற்று, கீழ் ஆர்முக்கு அடியிலும் ஒரு ஜாக்கி முட்டுக்கொடுத்தாயிற்று. ஹெரால்டில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பு, மேல் மூட்டைப் பிரித்தால் ஸ்பிரிங் தெறித்து வராது. ஸ்பிரிங் தனியாக நிற்கும் கார்களில் இதே வேலையை இப்படிச் செய்தால் அது ஆளையே அடித்துவிடும், அதற்கு ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். போல்ட்டுகள் எல்லாம் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ., 12 ஸ்பானர் நுழையாது, 13 கொஞ்சம் தளர்வு, பலமாகத் திருகினால் வழுக்கித் தலையை உருட்டிவிடலாம்.

மேல் ஆர்மில் பால் ஜாயின்ட்டைப் பிடித்திருப்பது இரண்டு போல்ட்டு, அது சுலபம். வெர்டிகல் லிங்க்கில் நுழைந்திருக்கும் ஆணிதான் பாடு படுத்தும். நட்டைக் கழற்றினாலும் அசையாது, ஏனென்றால் அது நேர் ஆணி இல்லை, நுனிக்குப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். வீட்டில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதல்லவா, அந்த விவகாரமேதான். இந்த மாதிரி ஆணிகளில் 10 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் குறைவது ஒரு வழக்கமான அளவு. அப்போது பக்கச் சாய்வு 3 டிகிரிக்கும் குறைவு. எஃகுமேல் எஃகு வழுக்க ஆரம்பிக்க ஏறக்குறைய 8 டிகிரி சாய்வாவது வேண்டும். அதனால் ஒருமுறை இறுகிவிட்டால் உராய்வே அதைப் பிடித்துக்கொள்ளும். நட்டு செய்வதெல்லாம் ஆணியை உள்ளே இழுத்து இறுக்குவதுதான்.

நான் ஆணியின் முனையிலேயே சுத்தியலால் அடிக்கப் போனேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மரை போயிரும் சாமி. டம்ளரை எங்க தட்டுவீங்க?"

வெளி டம்ளரின் பக்கவாட்டில்தான். நட்டை நாலு மரை அளவுக்குத் திரும்பப் போட்டார், ஆணி விடுபடும்போது எதுவும் துள்ளிவிழாமல் இருக்க. ஆணியைப் பிடுங்கும் கருவியான புல்லரை மாட்டி நன்றாக இறுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு லிங்க்கில் ஆணி நுழைந்திருக்கும் வளையத்தின் ஒரு பக்கம் கனமான இரும்பைப் பையனை முட்டுக்கொடுக்கச் சொல்லி, எதிர்ப்பக்கம் ஒரே அடி. வட்டமான துளை ஒரு கணம் முட்டை வடிவமாகி மீண்டும் வட்டத்துக்கு வருகிறது, அந்தக் கணத்தில் ஆணியின் பிடி விட்டுப்போகிறது, ஏற்கெனவே புல்லர் இழுத்து வைத்திருந்த விசை மிச்ச வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டாவது அடியில் 'டங்' என்று விட்டது. கையில் எடுத்துப் பார்த்தேன், ஆணியைப் பிடித்தால் உருண்டை தானாகவே தலை தொங்கியது. புது ஜாயின்ட்டை இரண்டு விரலால் அசைக்கவே முடியாது.

புதுசு இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. இதே முன் சஸ்பென்ஷனை டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் போட்டார்கள், லோட்டஸ்காரர்கள்கூட இந்த வெர்டிகல் லிங்க்கை எடுத்துப் பயன்படுத்தினார்கள், அதனால் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். போடும்போது கவனம் ஒன்றுதான்: ஆணியும் துளையும் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். நல்லது என்று நினைத்துக் கிரீஸ் தடவினால், பிடித்துக்கொள்ள வேண்டிய உராய்வையே குறைத்துவிடுகிறோம். நட்டை இறுக்கும்போது ஆணியும் சேர்ந்து சுற்றினால் ஆர்மையும் லிங்க்கையும் ஒன்றோடொன்று நெம்பி அழுத்தினால் போதும், துளையில் பிடித்துக்கொள்ளும். நைலான் வளையம் உள்ள நட்டு பழசு வேண்டாம், அந்த நைலான் ஒருமுறை வெட்டுப்பட்டபிறகு அதே பிடி இருக்காது.

அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டரில் ஹெரால்டு என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் பெரியவரே நூல் கட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் ஏற்காடு. இறங்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, 20 வளைவும் காதை வெளியே வைத்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவதோ பத்தாவதோ, 'டொக்'. வயிற்றைக் கலக்கிவிட்டது.

இந்த முறை நிஜமாகவே கதவுதான்.