கிளாஸ்: இனக்குழுவா, வகுப்பா?

தமிழ்வழியில் படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளின் கணினி அறிவியல் பாடநூலில் கிளாஸுக்கு ‘இனக்குழு’ என்றும் ஆப்ஜெக்டுக்குப் ‘பொருள்’ என்றும் போட்டிருக்கிறார்கள். கணினி நிரல் எழுதும்போது முன்கூட்டி வரையறுத்து வைக்கும் அமைப்பு கிளாஸ், அதன்படி உண்டாகும் ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட். பொருளைப் பிறகு பார்ப்போம். இனக்குழு என்று நீலகிரியில் ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று விரல் மடக்க ஆரம்பித்துவிடும். அதைக் குறை சொல்லவும் முடியாது. மானிடவியல் எழுத்தில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. மக்கள் இருந்தால்தான் இனக்குழு. நிரலில் நடப்பதோ நேர்மாறு. ஓர் ஆப்ஜெக்ட்கூடப் பிறக்காத நேரத்திலும் கிளாஸ் இருக்கும். முதலில் கிளாஸ், அதை வைத்து ஆப்ஜெக்ட்.

சரியான கிளாஸ் ஒன்று குன்னூரிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி இன்ஜின்களுக்கு ரயில்வேயில் ‘எக்ஸ் கிளாஸ்’ என்று பெயர். இங்கே கிளாஸ் என்பது எந்த ஒரு இன்ஜினும் இல்லை. எத்தனை சக்கரம், எத்தனை சிலிண்டர், பல்சக்கரம் எப்படிச் சுழல வேண்டும் என்று வரையறுத்து வைத்த அமைப்பு. அதன்படி சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்தவை உண்டு. வெகுகாலம் கழித்துத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தவையும் உண்டு. ஊர் வேறு, காலம் வேறு, கிளாஸ் ஒன்று. ஷெட்டில் எண் எழுதி நிற்கிற, கை வைத்தால் சுடுகிற ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட்.

பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எக்ஸ்இன்ஜின் என்று ஒரு கிளாஸை முன்பே எழுதி வைத்துவிட்டோம், அது எரிபொருளின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று கொள்வோம். அப்புறம் இப்படி எழுதலாம்:

முதல்வண்டி = எக்ஸ்இன்ஜின்("நிலக்கரி")
அடுத்தவண்டி = எக்ஸ்இன்ஜின்("எண்ணெய்")
முதல்வண்டி.தண்ணீர் = 500
அடுத்தவண்டி.தண்ணீர் = 2000
இன்னொருபெயர் = முதல்வண்டி
இன்னொருபெயர்.தண்ணீர் = 3000

இப்போது முதல்வண்டியில் தண்ணீர் எவ்வளவு? 500 என்பார்கள். இல்லை, 3000. ஐந்தாவது வரியில் புது இன்ஜின் எதுவும் வரவில்லை. இருக்கிற இன்ஜினுக்கே இன்னொரு பெயர் ஒட்டினோம், அவ்வளவுதான். அடுத்தவண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் அதே 2000. எக்ஸ்இன்ஜின் என்று எழுதி அடைப்புக்குறி போட்டது இரண்டே இடத்தில், ஆகவே ஆப்ஜெக்டும் இரண்டே. பெயர் வேறு, ஆப்ஜெக்ட் வேறு என்பது இங்கே பிடிபட்டுவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

தண்ணீர், எரிபொருள் இவை ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனி. ஏறும் முறை மட்டும் பொது. எக்ஸ் கிளாஸில் நான்கு சிலிண்டர். அவற்றில் இரண்டு, சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மற்ற இரண்டு, தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கும் பல்சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் பல்சக்கரத்தை ஓட்டும். கல்லாறு வரை சமதளம், முதல் இரண்டு போதும். கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை செங்குத்து, 12 அடிக்கு ஓர் அடி வரைகூட ஏறும். அங்கே நான்கும் வேலை செய்தாக வேண்டும். ‘பல்சட்டம் இருந்தால் நான்கு, இல்லாவிட்டால் இரண்டு’ என்ற இந்த விதியைக் கிளாஸில் ஒரே ஒரு முறை எழுதினால் போதும். எந்த ஆப்ஜெக்டை ஏறச் சொன்னாலும் அது தான் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்துகொள்ளும்.

இனி சொல்லின் வழி. இலத்தீனில் கிளாஸிஸ் என்றால் ரோமாபுரி மக்களைச் சொத்துக் கணக்குப்படி பிரித்த பிரிவு. அரசன் செர்வியஸ் துல்லியஸ் ஐந்தாகப் பிரித்தான் என்பது அவர்கள் மரபு. ஆங்கிலத்துக்குப் போய்ப் பள்ளி வகுப்பு, சமூக வர்க்கம், உயிரியல் பிரிவு என்று பலவாகக் கிளைத்தது. நிரலாக்கத்தில் அதற்கு இன்றைய பொருளைக் கொடுத்தது நார்வேயின் சிமுலா 67. ஓஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்டு இருவரும் உருவாக்கிய மொழி. நிஜ உலக நடப்பைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். சிமுலேஷன் என்பதை ஒட்டிய மொழியின் பெயரே அதைச் சொல்கிறது. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது, 2001க்கானது, இதற்காகவே அவர்களுக்குப் போனது. சிமுலாவைப் பயன்படுத்திப் பார்த்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1979இல் சி மொழியில் கிளாஸைச் சேர்த்து ‘கிளாஸ்களோடு சி’ என்று தொடங்கியதுதான் 1983இல் சி பிளஸ் பிளஸ் என்ற மொழி ஆனது.

தமிழில் எது? என் ஓட்டு வகுப்புக்குத்தான். வகு என்ற வினைக்கு இரண்டு முகம். ஒன்று பிரித்தல், கணக்கில் வகுக்கிறோமே அது. இன்னொன்று முன்கூட்டி அமைத்தல்: திட்டம் வகுத்தார்கள், வியூகம் வகுத்தார்கள். கிளாஸ் எழுதும்போது செய்வது அந்த இரண்டாவதைத்தான். ‘வகுத்தான் வகுத்த வகையல்லால் கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது’ என்ற குறளில் வகுப்பவனும் தொகுப்பவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். குழு என்பது தொகுப்பு. நமக்கு வேண்டியது வகுப்பு. எட்டாம் வகுப்போடு குழம்பாதா என்றால், ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளையும் கிளாஸில் உட்கார்ந்துதான் கிளாஸ் படிக்கிறது.

இனக்குழுவில் இன்னொரு சிக்கல், உறுப்பு. தரவு உறுப்பு (தண்ணீர், எரிபொருள் மாதிரி), உறுப்பு செயற்கூறு (ஏறுவது மாதிரி ஒரு வேலை) என்று பாடநூல் சொல்வது கிளாஸின் உள்பாகங்களை. குழு என்று கேட்ட காதுக்கு உறுப்பு என்றதும் உறுப்பினர்தான் நினைவுக்கு வரும். ஆப்ஜெக்டுகள்தான் உறுப்புகள் என்று எழுதிய விடைத்தாள்கள் இப்படித்தான் வருகின்றன.

ஆப்ஜெக்ட் இலத்தீனில் ‘முன்னால் எறியப்பட்டது’, அதாவது கண்ணெதிரே கிடப்பது. பொருள் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. சொல்லின் பொருள், ஈட்டிய பொருள், கண்ணால் காணும் பொருள் என்று மூன்று இருந்தாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வது தமிழருக்குப் பழக்கம். ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ என்று தலைப்பில் தனியாக வரும்போது மட்டும் ஏதோ அகராதிப் பாடம் போலத் தெரியும். ஆசிரியர் ஒரு வரி சொன்னால் சரியாகிவிடும். வகுப்பிலிருந்து பொருளை உண்டாக்குவது சான்றுருவாக்கம். உண்டாகும்போதே எரிபொருளை வாங்கி வைத்துக்கொள்ளும் செயற்கூறு ஆக்கி. இந்த இரண்டும் அழகான சொற்கள், அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

தேர்வில் மட்டும் இனக்குழு என்றே எழுதுங்கள். திருத்துகிறவர் கையில் இருப்பது பாடநூல்.