வீடியோவைப் பார்த்து முடித்த பிள்ளைக்கு ஏன் கணக்கு வரவில்லை?

இந்த மாதமும் ஒரு அம்மா ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளை அழைத்து வந்தார். "கவனக் குறைபாடு இருக்கான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க மேடம்" என்றுதான் பேச்சையே தொடங்கினார். விசாரித்தால், தவணையில் பணம் கட்டி வாங்கிய ஆப்பில் கணித வீடியோ அத்தனையும் பார்த்தாகிவிட்டது, பரீட்சையில் மட்டும் மார்க் ஏறவில்லை. போனைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக, பார்த்து முடித்ததைக் காட்டும் பச்சைக் கோடு நிறைந்திருந்தது.

கல்வி ஆலோசகராக இருக்கும் என்னிடம் இப்படி வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. கோபம் வருகிறது, பிள்ளைகள் மேல் இல்லை. கவனக் குறைபாடு (ADHD) என்று சொல்ல வேண்டுமானால் அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இரண்டு மணி நேர வீடியோவுக்கு முன்னால் மட்டும் நெளிகிற பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். அந்தப் பெண்ணின் வகுப்பு ஆசிரியரிடம் பேசினேன். அவருக்கு அப்படி எந்தப் புகாரும் இல்லை.

பெற்றோர் பலரும் நம்புவது இதுதான்: பார்த்தால் புரிந்துவிடும், புரிந்தால் நினைவில் நிற்கும். இந்த நம்பிக்கையை உடைப்பதிலேயே என் வேலை நேரம் பாதி போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நன்றாகச் சொல்லித் தருகிற ஒருவர் கணக்கைப் போட்டுக் காட்டும்போது ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் படும். தலை தானாக ஆடும். அப்போது ஏற்படுவது "எனக்கும் வரும்" என்ற உணர்வு மட்டும்தான். வீடியோவை மூடிவிட்டு வெறும் தாளில் அதே கணக்கைப் போடச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிடும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. பச்சைக் கோடு காட்டுவது அந்த முதல் ஐந்து நிமிட நிலையை. பரீட்சை வருவதோ வாரங்கள் கழித்து.

"அப்படின்னா இன்னொரு தடவை பார்க்கச் சொல்லட்டுமா மேடம்?" வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பார்த்ததை மூடிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது, "உங்கள் குழந்தைக்கேற்ப மாறும்" என்ற விளம்பரம். எப்படி மாறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. 0.4, 0.35 இரண்டில் எது பெரியது? ஒரு பிள்ளை 0.35 என்கிறான், 35 பெரிய எண் ஆயிற்றே. இன்னொருத்தி 0.4 என்கிறாள். ஆப் அவளுக்குச் சரி போட்டு மேலே அனுப்பிவிடும். காரணத்தைக் கேட்டுப் பாருங்கள்: "புள்ளிக்கு அப்புறம் நிறைய நம்பர் இருந்தா சின்னது மிஸ்." அவளிடமே 0.4, 0.45 என்று கொடுத்தால் அப்போதும் 0.4 தான் பெரியது என்பாள். இரண்டு பேருக்கும் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற இடமதிப்பு பிடிபடவில்லை. சரியா தவறா என்று மட்டும் எண்ணுகிற செயலிக்கு இது தெரியவே தெரியாது. (ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: "பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து" என்று வாசிக்காதீர்கள், "புள்ளி மூன்று ஐந்து" என்று வாசியுங்கள். முதல் பிள்ளையின் குழப்பத்தில் பாதி வாசிப்பிலிருந்து வருகிறது.) என்னிடம் வந்த பெண்ணுக்கும் இதே சிக்கல்தான். ஒன்பதாம் வகுப்பு மெய்யெண் பாடம் முழுவதும் பார்த்திருக்கிறாள், அவள் தடுக்கி நிற்பது கீழ் வகுப்புத் தசமத்தில்.

பிள்ளைக்கேற்ப மாறுவதைச் சரியாகச் செய்தால் பலன் உண்டு. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடத்திய மையங்களில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியன் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் படிக்கும் 619 மாணவர்கள். மென்பொருள், பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை விட்டுவிட்டு, அவனுக்கு உண்மையில் எதுவரை தெரியும் என்பதிலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். இதை ஆப் விற்பவர்கள் மேற்கோள் காட்டும்போது ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள்: அங்கே தினமும் 45 நிமிடம் கணினி, இன்னொரு 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு ஆசிரியரோடு. இரண்டும் சேர்ந்து தந்த பலன் அது. கணினியைத் தனியாகப் பிரித்து விலை சொல்ல அந்த ஆய்வில் இடமில்லை.

சேர்ந்து படிப்பது என்றதும் நேரலை வகுப்பு நடத்துகிறவர்கள் உடனே பிரேக்அவுட் ரூம் (வகுப்பைக் குழுக்களாகப் பிரிக்கும் தனி இணைய அறை) திறந்து எட்டுப் பேரை உள்ளே தள்ளி, "டிஸ்கஸ் பண்ணுங்க" என்கிறார்கள். எட்டு மியூட், எட்டு கறுப்புக் கட்டம். யாரும் பேச மாட்டார்கள், பேச வேண்டிய அவசியமே இல்லையே! மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் போதும். ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள், மற்றவரிடம் கேட்டால்தான் வேலை முடியும் என்று அமையுங்கள். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதை வகுத்தது, இன வேற்றுமையால் முறைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருவரையொருவர் கேட்க வைக்கத்தான். திரைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. அதுவும் முடியாதென்றால், ஒரு கேள்வி போடுங்கள், தனித்தனியாக விடையளிக்கட்டும். அப்புறம் வேறு விடை சொன்ன ஒருவரோடு இரண்டு நிமிடம் வாதாடட்டும். மறுபடி விடையளிக்கட்டும். ஹார்வர்டில் எரிக் மஸூர் இயற்பியல் வகுப்பில் 1990-களிலிருந்து செய்துவருவது இதுதான். மேலே சொன்ன 0.4, 0.35 கேள்வியை தசமம் படிக்கும் எந்த வகுப்பிலும் இப்படிப் போட்டுப் பாருங்கள், எத்தனை விதமான காரணம் வெளியே வருகிறதென்று தெரியும்.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "கேமரா ஆன் பண்ணலைன்னா ஆப்சென்ட்" என்று மிரட்டாதீர்கள். ஒற்றை அறை வீடு, பின்னால் கொடியில் துணி, பக்கத்தில் தம்பி அழுகை, அப்பா வேலைக்குப் போவதற்குள் திருப்பித் தர வேண்டிய போன், தீரப்போகிற டேட்டா. பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் மானப் பிரச்சினை. முகம் தெரிந்தால்தான் கவனிக்கிறார்கள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஒரு விடையைச் சாட்டில் தட்டச் சொல்லுங்கள், நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கவனம் அதில் தெரியும்.

தவறான விடைக்குச் சத்தத்தோடு சிவப்புப் பெருக்கல் குறி காட்டும் ஆப் என்றால் சத்தத்தையாவது அணைத்துவிடுங்கள். மதிப்பெண் தரவரிசைப் பட்டியல், அதன் கடைசியில் இருக்கிற பிள்ளைக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. அவன் வகுப்புக்கு வராமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறான். ஊரடங்குக்குப் பிறகு 2021-இல் தமிழ்நாடு அரசு, தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, தெருவில் தெரிந்த ஒரு அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காகவே வந்து உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. அந்தக் கூப்பிடலை இணைய வகுப்பிலும் செய்யலாம், செலவே கிடையாது.

பெற்றோருக்கு: வீடியோ பத்து நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்தி, இதுவரை சொன்னதைப் பிள்ளை வாயால் சொல்லக் கேளுங்கள். திருத்த வேண்டாம், கேட்டால் போதும். ஆப் வாங்குவதற்கு முன், தவறு செய்தால் அடுத்து என்ன வரும் என்று வேண்டுமென்றே தப்பு விடை கொடுத்துச் சோதியுங்கள். அதே விளக்கம் மறுபடி ஓடினால் பணத்தைக் கட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அத்தை மகனோ, கூட உட்கார ஒருவரைச் சேர்த்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடர்ந்து வராமல் போன மாணவருக்கு ஒரு போன் செய்யுங்கள். குறுஞ்செய்தி போதாது. "ஏன் வரலை" என்று ஆரம்பிக்காமல், "எந்த இடத்துல விட்டுச்சு, அங்கிருந்து பார்க்கலாம்" என்று கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது அந்த இடத்துக் கேள்வி ஒன்றை, அந்தப் பிள்ளையால் போட முடிகிற கேள்வியாக, முதலில் வையுங்கள்.