ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு இருபத்து நான்கு பைண்ட்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரின் சிற்றூர் ஒன்றில் ஒரு பப்பின் நிலவறையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கைப்பம்பால் பீப்பாயிலிருந்து இழுத்து ஊற்றும் காஸ்க் ஏல் என்ற பியரைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நரைத்த தலைகளே. இப்போது வெள்ளிக்கிழமை மாலையில் இருபத்திரண்டு வயதுக்காரர்கள் வந்து, இன்றைக்கு எதைப் புதிதாகத் திறந்திருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார்கள். நல்ல செய்திதான். அந்த உற்சாகத்தில் பப் நடத்துபவர்கள் செய்துவிடும் தவறு ஒன்று உண்டு. நானும் அதைச் செய்திருக்கிறேன்.

காஸ்க் ஏலை வடிகட்டுவதில்லை, சூடாக்கிப் பதப்படுத்துவதும் இல்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். மீதி நொதிப்பு எங்கள் நிலவறையில் நடக்கும். கெக் என்ற உலோகக் கலனில் வரும் பியருக்கு எல்லா வேலையும் ஆலையிலேயே முடிந்துவிடும். வாயு அழுத்தத்தில் வெளியே வரும், வாரக்கணக்கில் தாங்கும். 1960களில் பெரிய ஆலைகள் கெக்கின் பக்கம் சாய்ந்தன. அது பிடிக்காத நான்கு நண்பர்கள் 1971இல் தொடங்கியதுதான் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம்.

யாழ்ப்பாணத்துக் கள்ளை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காலையில் இறக்கிய கள் இரவுக்குள் புளித்து வேறு பானமாகிவிடும். நாளைக்கு விற்கலாம் என்று தவறணைக்காரர் எடுத்துவைக்க மாட்டார். காஸ்க் ஏல் கொஞ்சம் பொறுமைசாலி, மூன்று நாள் தரும். பைண்ட் பைண்டாக (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) இழுக்க இழுக்க, பியர் காலி செய்த இடத்தில் வெளிக்காற்று வந்து உட்காருகிறது. முதல் நாள் அந்தக் காற்று சுவைக்குக் கைகொடுக்கும். நான்காம் நாள் அதே காற்று பியரைக் காடியாக்கத் தொடங்கும்.

கணக்கு இங்கேதான் வருகிறது. வழக்கமான பீப்பாயின் பெயர் ஃபிர்கின்; 9 காலன், அதாவது 72 பைண்ட். ஒரு பம்புக்கு ஒரு பீப்பாய். அது மூன்று நாளில் முடிய வேண்டுமென்றால் ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு 24 பைண்ட் போக வேண்டும். ஐந்து பம்பு வைத்தால் 120. எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை இரவு எல்லா ஏலும் சேர்த்து நாற்பது போனாலே பெரிது.

இந்தக் கணக்கைப் போடாமல்தான் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பம்பை ஐந்தாக்கினேன். சனிக்கிழமைகள் அமோகம். ஒரு புதன்கிழமை, வாரம் நான்கு நாள் வரும் முதியவர் ஒருவர் முக்கால் கிளாஸை மேசையிலேயே விட்டுவிட்டு, வழக்கம்போல் தலையசைத்து வெளியேறினார். எடுத்து முகர்ந்தேன். புளிப்பு வாடை. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு மூன்று வாரம் வரவுமில்லை. அந்த மாதம் மட்டும் எத்தனை பைண்டைச் சாக்கடையில் ஊற்றினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவராவது இந்தப் பியரின் நல்ல முகத்தைப் பார்த்திருந்தவர். முதல் முறை குடிக்கும் இளைஞனுக்கு அப்படிப்பட்ட பைண்ட் கிடைத்தால், காஸ்க் என்றாலே நுரையற்ற, வெதுவெதுப்பான, புளித்த பண்டம் என்று முடிவுகட்டிவிடுவான். உண்மையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை வைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அது நிலவறைக்காரரின் குற்றம், பியரின் இயல்பு அல்ல.

நிலவறையில் அவசரம் ஆகாது. வந்த பீப்பாயைத் தாங்கியில் கிடத்தி, அசையாமல் விட்டு, முதுகிலுள்ள அடைப்பில் துளையிட்டு மென்மரச் சிற்றாப்பைச் செருகினால் மிகையான வாயு மெல்லக் கசியும். பொங்குவது அடங்கியதும் கெட்டி ஆப்புக்கு மாற வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, பகுதிநேரமாக எங்களிடம் வேலை செய்யும் தம்பி, துணியால் மூடாமல் அந்த அடைப்பைத் தட்டிவிட்டார். பியர் கூரையைத் தொட்டது. "அண்ணை, நான் மெதுவாகத்தான் தட்டினேன்" என்றார், தலையெல்லாம் நுரையோடு. மெதுவாகத்தான் தட்டியிருப்பார். பீப்பாய்தான் லாரியில் குலுங்கி வந்த கோபம் தீராமல் இருந்தது.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈஸ்ட்டை அடியில் படியவைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளை வெகுகாலமாகச் சேர்த்துவருகிறார்கள். இப்போது பல ஆலைகள் அதைத் தவிர்க்கின்றன. அவற்றின் ஏல் சற்றே கலங்கலாக இருக்கும். எது எந்த வகை என்று ஊற்றுபவரைக் கேளுங்கள். இன்னொன்று: கைப்பம்பு இருப்பதால் மட்டும் அது காஸ்க் ஆகிவிடாது. கெக் பியரைக் கைப்பம்பு வழியே ஊற்றும் ஏற்பாடு வந்தபோது 2024இல் காம்ரா கடுமையாக எதிர்த்தது. என் கட்சியும் அதுவே.

ருசி பார்க்க ஒரு வாய் கேட்டால் நல்ல பப்பில் முகம் சுளிக்க மாட்டார்கள். புளித்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். எங்களுக்கு அது உதவி. அளவையும் மறக்க வேண்டாம். 4 சதவீத ஏல் ஒரு பைண்டில் 2.3 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது (ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால்). வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை. ஆறு பைண்டிலேயே அந்த எல்லை வந்துவிடும்.

கூட்டம் குறைந்த நாள்களுக்கு நான் இப்போது ‘பின்’ (pin) எனப்படும் அரை ஃபிர்கின் பீப்பாயை வாங்குகிறேன், 36 பைண்ட். பப்பில் திறந்து ஊற்றும் பியருக்கான வரிச் சலுகை முதலில் 40 லிட்டருக்கு மேற்பட்ட கலன்களுக்கு மட்டுமே என்றார்கள். பிறகு வரம்பை 20 லிட்டராக இறக்கி, 2023 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இருபது லிட்டரைச் சற்றே தாண்டும் ‘பின்’ பீப்பாய் அதனால் தப்பித்தது. பியரின் மேல் கரியமில வாயுவை மெல்லிய போர்வையாகப் பரப்பி ஆயுளை நீட்டும் கருவியும் உண்டு. காம்ரா அதை நெடுங்காலம் ஏற்காமல் இருந்து, 2018இல் நடுநிலைக்கு வந்தது. நான் வாங்கவில்லை, வாங்கியவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

ஐந்து பம்பும் இன்னும் நிற்கின்றன. வார நாள்களில் மூன்றின் பெயர்ப்பலகைகளைப் பின்பக்கமாகத் திருப்பிவைத்துவிடுகிறேன். இன்று இல்லை என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம். போன திங்கட்கிழமை அந்த முதியவர் திரும்பியிருந்த பலகைகளைப் பார்த்துவிட்டு, மீதி இரண்டில் எது நேற்றுத் திறந்தது என்று மட்டும் கேட்டார். காட்டினேன்.