கோழி படுத்ததா, முட்டை போட்டதா?

‘த ஹென் லே இன் த கார்னர்.’ இதைப் படித்ததும் கோழி மூலையில் முட்டை போட்டது என்றுதான் தோன்றும். அது சும்மா படுத்துக் கிடந்தது, அவ்வளவுதான். முட்டை போட்டிருந்தால் ‘லெய்ட்’ என்று எழுதியிருப்பார்கள்.

படு, கிட என்ற பொருளில் வரும் ‘லை’க்கு இறந்தகாலம் ‘லே’. வை, கிடத்து என்ற பொருளுள்ள வினைக்கோ நிகழ்காலமே ‘லே’, இறந்தகாலம் ‘லெய்ட்’. போதாக்குறைக்குப் பொய் சொல்வதும் ‘லை’தான். நல்லவேளை, அது சமர்த்தாக ‘லைட்’ என்று முடிந்துவிடுகிறது.

உண்மையில் இது நமக்குப் பழகிய கணக்குதான். கிட–கிடத்து, விழு–வீழ்த்து என்று பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை. நாம் கடைசியில் ஒரு ‘த்து’ சேர்ப்போம். ஆங்கிலத்தின் மூதாதை மொழி வேறு வழியில் போனது. இறந்தகால வடிவத்தில் உள்ள உயிரொலியை எடுத்துக்கொண்டு, பின்னால் ‘யன்’ என்று ஒட்டும். கிடந்தான் என்பதற்கு ‘லக்’. கிடத்து என்பதற்கு ‘லக்யன்’. அந்த ‘ய்’ தனக்கு முன்னால் இருந்த ‘அ’வை ‘எ’ என்று திரித்தது. அப்புறம் நூற்றாண்டுகள் ஓட ஓட, நடுவில் இருந்த மெய்யும் கடைசி விகுதியும் தேய்ந்தன. கடைசியில் கிடந்ததும் கிடத்துவதும் ஒரே ‘லே’யில் வந்து முட்டிக்கொண்டன.

இதே அச்சில் வார்த்தவை இன்னும் உண்டு. ‘சிட்’ உட்கார், ‘செட்’ உட்கார வை. ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ மரத்தை வீழ்த்து. இங்கேயும் பாருங்கள், விழுந்தான் என்பதும் ‘ஃபெல்’தான். எனக்குப் பிடித்தது ‘டிரெஞ்ச்’. இன்று தொப்பலாக நனைப்பது என்று பொருள். ஆனால் பிறந்தபோது அது ‘டிரிங்க்’கின் பிறவினை, அதாவது குடிக்க வை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து புகட்டுவதை ஆங்கிலத்தில் இன்றும் ‘டிரெஞ்ச்’ என்றே சொல்கிறார்கள்.

எழுதும்போது சந்தேகம் வந்தால், ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். முட்டையை, புத்தகத்தை என்று பதில் வந்தால் ‘லே, லெய்ட்’. வராவிட்டால் ‘லை, லே’. பேச்சில் இந்த அளவுக்கு மெனக்கெட வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே படுத்திருக்கும்போது ‘ஐம் லேயிங் டவுன்’ என்கிறார்கள். கவிஞர் பைரனே 1818-ல், ‘லை’ வரவேண்டிய இடத்தில் எதுகைக்காக ‘லே’ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.