பிக் பிளாக்: எது பெரியது?

அமெரிக்கப் பழைய கார்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ‘பிக் பிளாக்’ என்ற சொல் வராமல் போகாது. நம்மில் பலர் அதை ‘சி.சி. அதிகமான எஞ்சின்’ என்றே எடுத்துக்கொள்கிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. இதில் ‘பிக்’ என்பது சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்து வார்க்கப்பட்ட அந்த இரும்பு உடம்பின் அளவைத்தான் சொல்கிறது.

பிளாக் என்ற சொல்லின் வேர் பழைய டச்சு மொழியில் இருக்கிறது. வெட்டிய அடிமரத்துக்கு அங்கே ‘பிளோக்’ என்று பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்ககால எஞ்சின்களில் சிலிண்டர்களைத் தனித்தனியாகவோ இரண்டிரண்டாகவோ வார்த்து, போல்ட் போட்டு இணைப்பார்கள். பின்னால் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாக எடுக்கத் தொடங்கியபோது இந்தச் சொல் நன்றாகப் பொருந்திவிட்டது.

‘பெரிய’, ‘சின்ன’ என்ற பிரிவினை பிறகு வந்தது. செவர்லே 1955-ல் 265 கன அங்குலக் கொள்ளளவுள்ள வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைக் கொண்டுவந்தது. கனமான கார்களுக்கும் லாரிகளுக்கும் அது போதாமல், 1958-ல் வேறு வார்ப்பில் 348 வந்தது. 1965-ல் ‘மார்க் 4’ குடும்பத்தின் 396. இரண்டு குடும்பங்களும் ஒரே கடையில் விற்றபோது பிரித்துச் சொல்லப் பெயர் தேவைப்பட்டது. பட்டறைக்காரர்கள் சின்னதை ‘மவுஸ்’ என்றும் பெரியதை ‘ராட்’ என்றும் அழைத்தார்கள். நம் ஊராக இருந்தால் சுண்டெலி, பெருச்சாளி என்றிருப்பார்கள்!

இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம். செவர்லே ஸ்மால் பிளாக்கில் அது 4.4 அங்குலம், பிக் பிளாக்கில் 4.84. கொள்ளளவை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1970-ல் வந்த 400 கன அங்குல எஞ்சின் ஸ்மால் பிளாக். அதைவிடச் சிறிய 396 பிக் பிளாக். அந்த 400-ஐக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். சிலிண்டர் துளையின் விட்டம் 4.125 அங்குலம். 4.4-இல் அதைக் கழித்தால் இரு துளைகளுக்கு இடையே மிஞ்சுவது ஏழு மில்லிமீட்டர்தான். குளிர்விக்கும் தண்ணீர் ஓட இடமில்லாமல் சிலிண்டர் சுவர்களை ஒட்டியே வார்த்தார்கள். நீராவி வெளியேற, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் சிறு துளைகள் வைத்தார்கள். அந்தச் சிறு துளைகள் இல்லாத, 350 கன அங்குல ஸ்மால் பிளாக்கின் ஹெட்டை அப்படியே தூக்கி மாட்டினால் எஞ்சின் சூடாகிவிடும்.

பிக் பிளாக்கில் இந்த நெருக்கடி இல்லை. அதனால்தான் எஞ்சினின் கொள்ளளவை ஏற்றிக் கட்டுகிறவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். 1970-ல் வந்த 454-இன் துளை 4.25, வீச்சு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4 அங்குலம். ரீபோர் செய்து, அதாவது துளையைக் கடைந்து, 0.06 அங்குலம் கூட்டி, வீச்சு 4.25 அங்குலம் உள்ள கிராங்க்கைப் போட்டால் 496 கன அங்குலம், அதாவது 8.1 லிட்டர் வந்துவிடும். அப்போதும் துளைகளுக்கு நடுவே 13 மில்லிமீட்டருக்கு மேல் இடம் இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ரீபோர் செய்யக்கூடாது. வார்க்கும்போது உள்ளச்சு (உள்ளே வெற்றிடம் விட வைக்கும் அச்சு) சற்று நகர்ந்திருந்தால் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். அல்ட்ராசவுண்டு கருவியால் தடிமன் பார்த்த பிறகே லேத் பட்டறைக்கு அனுப்புவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வேர்ச்சொல்லைப் பார்த்தால் ‘கட்டை’ பொருந்தும். ஆனால் கட்டை என்றால் குட்டை என்றும் பொருள் உண்டு, ‘பெருங்கட்டை’ சிரிப்பை வரவழைக்கும். ‘பேருருளை எஞ்சின்’ என்றால் சிலிண்டர்தான் பெரிது என்றாகிவிடும், பழைய குழப்பமே திரும்பவும் வரும். ‘பெருந்திறன் எஞ்சின்’ திறனைத்தான் சொல்கிறது. என் தேர்வு ‘பெருவார்ப்பு எஞ்சின்’. சின்னதற்குச் ‘சிறுவார்ப்பு எஞ்சின்’. எது பெரியது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடும். பட்டறையில் யாரும் இப்படிப் பேசப்போவதில்லை, அங்கே பிக் பிளாக்தான். கட்டுரை எழுதும்போது முதல் தடவை தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துப் போட்டுவிட்டால் போதும்.

ஃபோர்டின் 390, 428, கிறைஸ்லரின் 383, 440 எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். போன்டியாக் என்ற கார் நிறுவனத்துக்கு மட்டும் வேண்டாம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் 326 முதல் 455 வரை அவர்கள் செய்த வி8 எஞ்சின்கள் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒரே அளவு வார்ப்பில் வந்தவை. அங்கே சிறுவார்ப்பும் இல்லை, பெருவார்ப்பும் இல்லை.